அன்புராஜ் பெயரில் ஒரு படுக்கை

ஏரியில் இறால் அற்றுப்போன வருடம், கணேசன் வலையை மடித்து வைத்துவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியொன்றில் சேர்ந்தான். ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் வசந்தகுமார், வேலையை விட்டுப் போயிருந்த அன்புராஜ் என்பவனின் இ.எஸ்.ஐ. அட்டையை அவனிடம் கொடுத்தான். புதிதாகப் பதிவு செய்ய நாளாகும், அதுவரை கேட்டில் இந்தப் பெயரைச் சொன்னால் போதும் என்றான். மனைவி வினோதாவுக்கு அது பிடிக்கவில்லை. பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள் என்று கணேசன் சொல்லிவிட்டான்.

ஐப்பசி மழையில் நனைந்த பழைய இரும்பைக் கொட்டியபோது உலை வெடித்துச் சிதறியது. கணேசனை வசந்தகுமாரே வண்டி பிடித்து இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சேர்த்தான். முகம் முழுக்கக் கட்டு. அட்டையிலிருந்த படத்தோடு யாரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. ஓடிவந்த வினோதாவை வசந்தகுமார் வாசலிலேயே நிறுத்தினான்.

“இங்க அவரு பேரு அன்புராஜ். நீ மாத்திச் சொன்னா வைத்தியத்த நிறுத்திடுவாங்க.”

நர்சு “அன்புராஜ் சம்சாரம்” என்று கூப்பிட்டபோதெல்லாம் அவள் எழுந்து போனாள். கணேசன் அந்தப் பெயருக்கு முதலில் அசையவில்லை. காது போய்விட்டதோ என்று டாக்டர் சந்தேகப்பட்டார். பிறகு அதைக் கேட்டால் முனகப் பழகிக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயரைச் சொல்லாதவள், யாரும் இல்லாத நேரம் பார்த்து அவன் காதருகே குனிந்து அதைச் சொன்னாள்.

கணேசன் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சவக்கிடங்கில் போலீஸ்காரர் விவரம் கேட்டபோது வசந்தகுமாரும் பக்கத்தில் நின்றான். சாயங்காலமே உடலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தான். இந்தப் பெயரில் எரித்துவிட்டால், மகள் கவிப்பிரியாவின் அப்பா செத்தார் என்பதற்கே சாட்சி இருக்காது என்று வினோதாவுக்குத் தோன்றியது.

“செத்தவரு பேரு இன்னாம்மா?”

“கணேசன். அன்புராஜ்னு எழுதிக்கீறாங்க. அது வேற ஆளு, சார்.”

வசந்தகுமார் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான், திரும்பி வரவில்லை. விசாரணை முடியும்வரை உடல் ஐஸ்பெட்டியில் கிடந்தது. கணேசன் என்று யாரும் தங்களிடம் வேலை செய்யவில்லை என்று கம்பெனி சொன்னது.

முதலாளி பதிவு செய்யாமல் விட்டாலும் வேலையில் செத்தவன் குடும்பத்துக்கு பென்ஷன் உண்டு, ஆனால் அவன் அங்கே வேலை செய்தது நிரூபணமாக வேண்டும் என்றார் இ.எஸ்.ஐ. அதிகாரி. கூட வேலை செய்தவர்கள் புதுவாயல் கடைத்தெருவில் அவளைக் கண்டதும் ஏதாவதொரு கடைக்குள் நுழைந்துகொண்டார்கள்.

கடைசியில் ஊத்துக்கோட்டைக்குப் போய் அன்புராஜைக் கண்டுபிடித்தாள். நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னாள். இதில் தலையிட வேண்டாம் என்று அவன் மனைவி உள்ளேயிருந்து சொன்னாள்.

“நீ எம்பேர ஒத்துக்கினு இருந்தா, செத்தது நான்தான்க்கா,” என்றான் அவன்.

அன்புராஜுக்கு உலையில் விபத்து என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தது கம்பெனிதான். அந்த அன்புராஜ் ஒரு தீக்காயமும் இல்லாமல் அதிகாரி முன் வந்து நின்றான். அட்டையை வசந்தகுமார் பிடுங்கி வைத்துக்கொண்டதையும் சொன்னான். அதற்குமேல் கம்பெனியால் மறுக்க முடியவில்லை. அடுத்த வருடம் வினோதாவுக்கு பென்ஷன் வந்தது.

அன்புராஜை அதன்பிறகு சிப்காட் தொழிற்பேட்டையில் எந்தக் கான்ட்ராக்டரும் சேர்க்கவில்லை. ஆந்திராவில் ஏதோ செங்கல் சூளைக்குப் போய்விட்டான். விஷயம் தெரிந்து வினோதா அவன் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை.