அறுபத்தொரு வீடியோ

என் மகளுக்கு ஒன்பது வயது முடிய இரண்டு வாரம் இருக்கும்போது என் போன் நிரம்பிவிட்டது.

"இடம் பத்தலையாம்ப்பா" என்று போனை நீட்டினாள். மாடிப்படியில் எறும்பு வரிசை ஒன்றைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றுவிட்டது. "எதையாவது அழிங்க. சீக்கிரம். எறும்பு போயிடும்."

வாங்கிப் பார்த்தேன். அழிக்க ஒன்றும் இல்லை என்றேன். இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எறும்பு போய்விட்டது.

போனுக்குள் நகம் அளவுக்கு ஒரு கார்டு. அதில் என் மனைவி எனக்கு அனுப்பிய அறுபத்தொரு வீடியோ. அவள் போன் உடைந்துபோனது; என்னிடம் வந்தவை மட்டுமே மிச்சம். அவள் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒன்றைக்கூட நான் திறக்கவில்லை.

ஒன்றிலும் அவள் முகம் கிடையாது. ஆசைக்குப் படம் பிடிப்பவள் அல்ல. சாட்சிக்குப் பிடிப்பவள். ஒழுகும் குழாய், பிளம்பருக்கு. சுவரில் ஏறிய ஈரம், வீட்டுக்காரருக்கு. மகளின் முழங்கையில் தடிப்பு, டாக்டருக்கு. வாஷிங் மெஷின் துணியைப் பிழியும்போது போடும் சத்தம், மெக்கானிக்குக்கு. அது மட்டும் நான்கு வீடியோ. ஏனென்றால் மெக்கானிக் வந்து நின்றால் அது ஒன்றும் தெரியாத பச்சைப் பிள்ளை மாதிரி ஓடும். எல்லாவற்றையும் நான் வேலையில் இருக்கும்போது அனுப்புவாள். பின்னால் குரல் மட்டும் வரும்: "பாருங்க. இதைத்தான் சொன்னேன்."

கம்ப்யூட்டருக்கு மாற்றி வைக்கலாம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மாற்றும்போது ஒன்று தவறிப்போனால்? பாட்டில் மூடி செய்யும் ஆலையில் தரச் சோதனை என் வேலை. ஆயிரத்தில் ஒன்று தவறும் என்பதால்தான் எனக்குச் சம்பளம்.

ஆகவே வேறு வழி யோசித்தேன். மகளுக்குத் தனியாக ஒரு வீடியோ கேமரா. அவளுக்குப் பிறந்தநாள் பரிசும் ஆயிற்று. யாரும் எதையும் அழிக்க வேண்டாம்.

மூன்று நாள் சாப்பாட்டு இடைவேளையில் போனும் கையுமாக இருந்தேன். பொட்டலம் கட்டும் பிரிவின் மேற்பார்வையாளர் அம்மா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என்ன சார், பொண்ணு பாக்கறீங்களா?"

"கேமரா பாக்கறேன்."

"அட. அதுவும் பாத்துப் பாத்து எடுக்கணும். கண்ணைக் கவர்றது கழுத்தை அறுத்துரும்."

"அதான் குறை சொன்னவங்க எழுதினதை மட்டும் படிக்கறேன்."

"நல்லது சொன்னவங்களைப் படிக்க மாட்டீங்களா?"

"நல்ல மூடியை நாம எதுக்குக் கையில எடுக்கறோம்?"

அவர் சிரித்துவிட்டு டப்பாவைத் திறந்தார்.

அதுதான் என் முறை. நல்லதைப் பார்த்து ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. கழிவுப் பெட்டியைக் கிளறினால் இயந்திரத்தின் ஜாதகமே தெரியும். விலை மலிவாக இருந்த ஐந்து கேமராக்களுக்கும் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்தேன். ஒன்றில் பேட்டரி இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஒன்றில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. ஒன்று கை நழுவி விழுந்ததும் இரண்டானது. நான்காவது, வந்து சேரவே இல்லை. ஐந்தாவதைப் பற்றி மூன்றே மூன்று புகார். பெட்டி நசுங்கி வந்தது. நிறம் படத்தில் பார்த்ததுபோல் இல்லை. கைப்பிடி சின்னது, என் கை நுழையவில்லை.

சின்னக் கைப்பிடிதான் எனக்கு வேண்டும். வாங்கிவிட்டேன்.

நான்காம் நாள் வந்தது. பெட்டி நசுங்கவில்லை. அலமாரியின் மேல்தட்டில் போர்வைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். சில நேரம் அங்கே அது இருக்கிறது என்ற நினைப்பு வந்தது. நல்ல நினைப்பு. வெகு நாளைக்குப் பிறகு வருவது.

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை. மாலையில் மனைவியின் அக்கா கேக்கோடு வந்தார். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். கோபம் வந்தால் மூடி என்பார். கேக்கை வெட்டுவதற்கு முன்பே மகள் பெட்டியைப் பிரித்துவிட்டாள். பிரித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கேவா? எனக்கு மட்டுமா?"

"உனக்கு மட்டும்."

கைப்பிடிக்குள் கையை நுழைத்தாள். அளவெடுத்ததுபோல் இருந்தது. பக்கவாட்டுத் திரையைத் திறந்ததும் கூடம் முழுக்க அதற்குள் வந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு வரி எழுந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"கார்டு இல்லைன்னு வருதுப்பா."

பெட்டியைக் கவிழ்த்தேன். ஒரு ஒயர், ஒரு பை, ஒரு சின்னப் புத்தகம். போனை எடுத்து அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் வரிசையாக எழுதியிருந்தார்கள்: அருமையான கேமரா, கார்டு மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் இருவர் அல்ல, முப்பது பேர். நல்லவர்கள்.

அக்கா எட்டிப் பார்த்தார். "ஆனையை வாங்கினீங்க, அங்குசத்தை விட்டுட்டீங்க. மூடி, மூடி! ஊர்ல இருக்கிற ஓட்டையெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியும். இது தெரியலையா?"

"கடை இருக்கான்னு பாத்துட்டு வரேன்."

"ஞாயித்துக்கிழமை சாயந்தரம் எவன் திறந்து வெச்சிருக்கான்? ஆர்டர் போடுங்க."

"ரெண்டு நாள் ஆகும்."

"பரவால்லப்பா" என்றாள் மகள். "சும்மா பிடிச்சுப் பழகறேன்."

அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் நிஜமாகவே பழக ஆரம்பித்தாள். ஒன்றும் பதிவாகாத கேமராவோடு பெரியம்மாவின் முன்னால் போய் நின்றாள்.

"நீங்க யாரு?"

"உன் பெரியம்மாடி."

"அது எனக்குத் தெரியும். பாக்கறவங்களுக்குச் சொல்லுங்க."

"யாரு பாக்கப்போறாங்க? கார்டே இல்லையே!"

"இருக்கிற மாதிரி சொல்லுங்க."

பெரியம்மா தலைமுடியைச் சரி செய்துகொண்டு சொன்னார். அடுத்தது என் முறை.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"மூடியைச் சோதிக்கிறேன்."

"தப்பான மூடி வருமா?"

"தினமும் வரும்."

"அதை என்ன பண்ணுவீங்க? குப்பையில போடுவீங்களா?"

"இல்ல. உருக்கி மறுபடியும் மூடியாக்குவோம்."

கேமராவைக் கொஞ்சம் இறக்கி என்னைப் பார்த்தாள். "இது எனக்குத் தெரியாதே. இது நல்லா இருந்துச்சுப்பா." திரையைப் பார்த்தாள். கார்டு இல்லை என்ற வரி அங்கேயே இருந்தது. துடைத்தால் போய்விடும் என்பதுபோல் கட்டைவிரலால் ஒருமுறை துடைத்தாள்.

நான் எழுந்து ஒரு ஊக்கைத் தேடி எடுத்தேன். போனின் ஓரத்துத் துளையில் குத்தினேன். கார்டு வெளியே வந்தது. புத்தகத்தில் போட்டிருந்த படத்தோடு ஒப்பிட்டேன். அதே அளவு.

அக்காவுக்கு அது என்ன கார்டு என்று தெரியும். சிரிப்பை நிறுத்திவிட்டு லேப்டாப்பைக் கொண்டுவந்தார். "குடுங்க. முதல்ல இதுல ஏத்திடலாம். இதுக்கா தம்பி ஒரு வருஷம்?"

பதினொரு நிமிடத்தில் ஏறிவிட்டது. அறுபத்தொன்று என்று காட்டியது.

"எண்ணிக்கை சரியா இருக்கு. போதுமா?"

"போதாது" என்றேன். "திறந்து பாக்கணும்."

"ரெண்டு மூணு பாத்தா ஆகாதா?"

"ஆகாதுக்கா. எல்லாத்தையும் பாக்கணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. அதற்குள் மகள் என் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

முதலாவது, சமையலறை விளக்கு. மினுக் மினுக்கென்றது. "பாருங்க. இதைத்தான் சொன்னேன்." குரல் அப்படியே இருந்தது, கிணற்றுக்குள்ளிருந்து அல்ல. நான் சரி என்று ஒரு காகிதத்தில் கோடு போட்டேன். இரண்டாவது, ஜன்னல் கொக்கி. கோடு. ஏழாவதில் மகளின் முழங்கை வந்தது. "ஐயே, என் கை எவ்ளோ குட்டி!" பதினைந்தாவதில் என் மனைவி போனைப் பிடித்துக்கொண்டே யாரிடமோ சொன்னாள்: "இந்த மனுஷன் போனை எடுத்தா உலகம் அழிஞ்சிடும்." அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "இவ வக்கீலாப் போயிருக்கணும். சாட்சி விசாரிச்சே எதிராளியைச் சாய்ச்சிருப்பா."

இருபத்திரண்டாவது, சமையலறைக் குழாய். இதை ஆலையில் நின்று பார்த்தது நினைவிருந்தது. சொட்டு விழுவதைப் பார்த்ததும் மூடிவிட்டு பிளம்பருக்கு போன் போட்டேன். அன்று மாலையே ஒழுகல் நின்றிருந்தது. நல்ல பிளம்பர் என்று நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

வீடியோ அதோடு முடியவில்லை. அவள் நிறுத்தியிருக்கவில்லை. தரை வந்தது. அவள் கால் வந்தது. இழுப்பறை திறக்கும் சத்தம். "இவருக்கு அனுப்பி, இவர் அந்த ஆளுக்குச் சொல்லி, அந்த ஆளு ஆடி அசைஞ்சு வந்து..." இரும்பின் மேல் இரும்பு உரசியது. மூச்சைப் பிடித்து ஒரு முக்கல். சொட்டு நின்றது. "இவ்ளோதான். இதுக்கு ஒரு பிளம்பர்."

நான் கோடு போட மறந்துவிட்டேன்.

"அப்ப அம்மாவே சரி பண்ணாங்களா?" என்றாள் மகள்.

"ஆமா போலிருக்கு."

"உங்ககிட்ட சொல்லலையா?"

"சொல்லல."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும். 'முழுசாப் பாக்காம பிளம்பரைப் புகழ்றாரு, புகழட்டும் விடு'ன்னு சொன்னா."

எனக்கும் சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்தேன். மடியில் இருந்தவள் குலுங்கினாள்.

விட்ட கோட்டைப் போட்டுவிட்டு மிச்சத்தையும் பார்த்தோம். எதையும் பாதியில் மூடவில்லை. வாஷிங் மெஷின் நான்கு முறை அலறியது. "இந்த சத்தம் இப்பவும் வருதேப்பா" என்றாள் மகள். வருகிறது. பதினான்கு மாதமாக நான் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறேன்.

அறுபத்தொரு கோடு. ஒன்றும் தவறவில்லை.

கார்டைக் கேமராவில் போட்டேன். உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்கட்டுமா என்று திரை கேட்டது. மகள் கேமராவை என் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே அமுக்குங்க."

அமுக்கினேன். இரண்டு நொடிதான். நான்கு மணி நேரத்துக்கு இடம் இருக்கிறது என்று காட்டியது.

"முதல்ல எதைப் பிடிக்கட்டும்?"

"மெஷினைப் பிடி."

ஊறிக்கிடந்த துணியை அள்ளிப் போட்டு, பிழியும் பொத்தானைத் தட்டினேன். சுற்ற ஆரம்பித்ததும் பழைய அலறல். மகள் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். நான் தரையில் படுத்து அடியில் பார்த்தேன். நான்கு காலில் ஒன்று தரையைத் தொடாமல் நின்றது. அவ்வளவுதான். மெஷினை நிறுத்திவிட்டு இழுப்பறையைத் திறந்தேன். பழைய துணியில் சுற்றி ஒரு ஸ்பேனர் இருந்தது. அந்தக் காலை நான்கு சுற்று இறக்கி முடுக்கினேன். மறுபடி தட்டினேன்.

மெஷின் வேகம் எடுத்தது. துணி சுற்றும் காற்று மட்டும் கேட்டது.

மகள் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினாள். முகத்தில் ஏமாற்றம். "என்னப்பா, சத்தமே வரல! இப்ப எதைப் பிடிக்கறது?"

"அதைத்தான்" என்றேன். "நிறுத்தாம பிடி."