மூன்றாம் பாரம்

முரண்டு என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்ததே அம்மாதான். வயது பத்து. "படி" என்றால் போதும், தலைவலி, வயிற்றுவலி, பல்வலி எல்லாம் முறை வைத்து வரும். திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் ஒரு பக்கம் படிக்காவிட்டால் கீழ் வகுப்புதான் என்று டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"அங்கயே உக்காந்துட்டுப் போறேன்" என்றாள் முரண்டு. அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை, தான் வேலை செய்யும் பைண்டிங் கூடத்துக்கே அவளை இழுத்துக்கொண்டு போனாள். பதினாறு பக்கமாக மடித்த தாளுக்கு அங்கே பாரம் என்று பெயர். நீள மேசையில் ஆளுக்கு ஓர் அடுக்கு. பக்க எண்ணைப் பார்த்து, வந்த கட்டோடு தன் பாரத்தையும் சேர்த்து அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். அம்மாவின் அடுக்கு மூன்றாவது. முரண்டும் கூட நின்றாள்.

"மொதப் பக்கம் முப்பத்திமூணுன்னு இருக்கான்னு மட்டும் பாரு. படிக்காத, வேலை ஓடாது" என்றார் மேஸ்திரி.

பிறந்ததிலிருந்து யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. படிக்காதே என்று சொல்ல இவர் யார்? மடிப்புக்குள் கண்ணை நுழைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒருத்தி சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்டாள். தண்ணீர் ஏறியது. முழங்கால், இடுப்பு, கழுத்து. அங்கே நாற்பத்தெட்டாம் பக்கம் முடிந்துவிட்டது.

"அவ தப்பிச்சாளாம்மா?"

"யாருடி?"

"கதையில வர்றவ."

"எனக்கென்ன தெரியும்? நான் நம்பர்தானே பாக்கறேன்."

"பதினோரு வருஷமாவா?"

அம்மாவின் முகம் சுருங்கிப் போனது. முரண்டு நாலாம் அடுக்கிலிருந்து ஒரு பாரத்தை உருவினாள். மேசையில் வேலையே நின்றுவிட்டது. மேஸ்திரி கத்தினார்.

"அவ வெளிய வர்ற வரைக்கும் நான் நகர மாட்டேன்" என்றாள் முரண்டு.

அடி விழும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சத்தமாப் படி. எனக்கும் தெரியணும்."

திங்கட்கிழமை, மேஸ்திரி கழித்துப் போட்ட பாரங்களோடு முரண்டு வகுப்பில் எழுந்து நின்றாள். திக்கித் திக்கிப் படித்தாள். சிரித்தவர்களை முறைத்துவிட்டு மேலே படித்தாள். ஒரு பக்கம் முடிந்தது.

"போதும், உக்காரு" என்றார் டீச்சர்.

"மாட்டேன் டீச்சர். அவ இன்னும் தண்ணிக்குள்ளதான் இருக்கா."

சொல்லிவிட்டு, பக்கத்தைத் திருப்பினாள்.