தேள்காரியின் அழைப்பு

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தவள் முதல் வேலையாக வாசல் மணியின் ஒயரைப் பிடித்து இழுத்தாள். ஒயரோடு கொஞ்சம் சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. பிறகு கூடத்துக்குப் போய், அண்ணனைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம், "எல்லாரும் ஃபோனை ஆஃப் பண்ணுங்க, தயவுசெஞ்சு" என்றாள்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செத்துக் கிடக்கிற அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை, அண்ணியைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழவில்லை, வந்ததும் வராததுமாக மணியைப் பிடுங்கிப் போடுகிறாளே! பெரியப்பா மட்டும், "விடுங்க, பாவம், புத்தி தடுமாறிப்போச்சு. அவ்வளவு ஒட்டுதலா இருந்ததுங்க ரெண்டும்" என்று சமாதானம் சொன்னார்.

அவள் புத்தி தடுமாறவில்லை. காரில் வந்த மூன்று மணி நேரமும் அது வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல், வெகு தெளிவாக வேலை செய்துகொண்டிருந்தது.

அவள் தேள் விஷத்தை ஆராய்கிறவள். இதயத்தின் ஒவ்வோர் உயிரணுவுக்கும் உப்பு போய்வரக் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் உண்டு. ஒருமுறை துடித்த உயிரணு, மறுமுறை துடிப்பதற்குள் இளைப்பாற வேண்டுமானால் பொட்டாசியம் வெளியேறும் வாசல் நேரத்துக்குத் திறக்க வேண்டும். ஒரு தேளின் விஷத்தில் இருக்கும் துணுக்கு ஒன்று சரியாக அந்த வாசலில் போய் அடைத்துக்கொள்கிறது என்பது அவள் சந்தேகம். ஆறு வருடமாக அதன் பின்னால் அலைந்தாள். இன்று விடிகாலையில் மயிரிழையைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயை ஓர் உயிரணுவின் மேல் ஒட்டவைத்து, துணுக்கைக் கரைத்த நீரை விட்டாள். திரையில் ஏறிய கோடு, இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் இழுத்துக்கொண்டே போனது. ஆய்வகத்தில் யாருமில்லை. தனியாக நின்று கைதட்டினாள்.

உடனே அண்ணனைத்தான் கூப்பிட்டாள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவனுக்கு இந்த உப்பும் வாசலும் ஒரு மண்ணும் புரியாது. ஆனாலும், "என்ன தேள்காரி, கொட்டுச்சா இல்லியா?" என்று வாராவாரம் விசாரிக்கிற ஒரே ஜீவன் அவன்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தூங்குமூஞ்சி என்று செல்லமாகத் திட்டிக்கொண்டே மறுபடியும் அடித்தாள். கொஞ்ச நேரத்தில் அண்ணனின் மாடி வீட்டுக்காரர் கூப்பிட்டார். "காலையில ஏதோ ஃபோன் அடிச்சிருக்கும்மா. தூக்கத்துல திடுக்குன்னு எழுந்தாராம், அப்படியே சாஞ்சுட்டாராம். மாரடைப்புன்னு சொல்றாங்க."

மாரடைப்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். பிறவியிலேயே அந்த வாசல் பழுதானவர்கள் இருக்கிறார்கள். வெளிப் பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. நன்றாகத் தூங்கும்போது காதருகில் சட்டென்று ஒரு மணி அடித்தால் போதும், துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும். மேடையேறிப் படம் போட்டு எத்தனையோ பேருக்கு இதை விளக்கியிருக்கிறாள். சின்ன வயதில் அலாரம் அடித்து அண்ணன் மயங்கி விழுந்ததும், பயந்தாங்கொள்ளி என்று வீடே சிரித்ததும் மட்டும் இன்று காரில் வரும்போதுதான் நினைவுக்கு வந்தன.

அப்போதிலிருந்து அவள் காதுக்குள் அந்த மணி போய்க்கொண்டே இருந்தது. இப்போது அண்ணனின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். புருவம் லேசாகத் தூக்கியிருந்தது. அவனுக்கும் அது இன்னும் கேட்பது போலத் தோன்றவே, பயந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணனின் தலைமாட்டில் சுண்டு உட்கார்ந்திருந்தாள். அவனுடைய ஒரே மகள், பதினான்கு வயது. இந்தப் பழுது தகப்பனிடமிருந்து பிள்ளைக்கும் இறங்கக்கூடியது. அவளுக்காகத்தான் மணியைப் பிடுங்கியது.

வாசலில் யாரோ இறக்கிய இரும்பு நாற்காலிகள் கைதவறித் தடாலென்று விழுந்தன. சுண்டுவின் கண்கள் மேலே செருகின. ஒரு சத்தமும் இல்லாமல் அப்பாவின் தோள்மேல் சரிந்தாள். அவள் பாய்ந்து சுண்டுவைத் தரையில் கிடத்திக் கழுத்தில் விரல் வைத்தாள். விரலுக்கடியில் என்னவோ படபடவென்று அடித்துக்கொண்டது, பிறகு மெல்ல ஒழுங்குக்கு வந்தது.

"காலையிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. மயக்கம் வராம என்ன செய்யும்?" என்றார் பெரியப்பா.

சுண்டு கண்ணைத் திறந்தாள். "ஸ்கூல்லயும் ஒரு தடவ இப்படி ஆச்சு அத்தை, தீ ஒத்திகைக்கு மணி அடிச்சப்போ. அப்பாகிட்ட மட்டும்தான் சொன்னேன். எனக்கும் சின்ன வயசுல வரும், வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னாரு."

கேட்டுக்கொண்டிருந்த அவள் எழுந்து அண்ணியின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"அண்ணி, சுண்டுவ இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"அவங்கப்பாவ எடுக்கற நேரத்துலயா? நாளைக்குப் போலாம்."

"நாளைக்கு வரைக்கும் தாங்குமான்னு சொல்ல முடியாது. அண்ணனுக்கு வந்தது மாரடைப்பு இல்ல. அவருக்கு வந்தது இவளுக்கும் இருக்கு."

"எல்லாரும் மாரடைப்புங்கறாங்க. உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" அழுது அழுது அண்ணியின் குரல் கட்டியிருந்தது. "தேளு, பாம்புன்னு படிச்சா எல்லாம் தெரிஞ்சுருமா?"

சொல்லாமல் தப்பிக்க வழியில்லை. சொன்னால் இந்த வீட்டு வாசலை இனி மிதிக்க முடியுமோ என்னவோ. ஆனால் காரணம் தெரியாமல் எந்தத் தாய் நம்புவாள்?

"சத்தத்துல போன உயிர் அண்ணி. ஃபோன் சத்தத்துல. அந்த ஃபோன அடிச்சது நான்."

அண்ணி ஒழுகிக்கொண்டிருந்த குழாயை இறுக மூடினாள்.

"நீ கூப்பிட்டது தெரியும். தேள்காரின்னு ரெண்டு தடவ இருந்துச்சு. அழிச்சுட்டேன்."

"ஏன் அண்ணி?"

"கடைசியா கூப்பிட்டும் பேச முடியாமப் போச்சேன்னு காலத்துக்கும் நீ மருகிட்டு இருப்பேன்னுதான். அந்தச் சத்தமேதான்னு நான் என்னத்தக் கண்டேன்..."

பதினேழு வருடத்தில் அண்ணி அவளை அப்படிப் பார்த்ததில்லை. யாரோ வழிப்போக்கரைப் பார்ப்பது போல ஏற இறங்கப் பார்த்தாள். அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள்.

அண்ணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "தலைமாட்டுல சார்ஜ் போட்டது நான்தான். கூப்பிட்டா காதுலயே விழறதில்லன்னு சத்தத்தக் கூட்டி வச்சதும் நான்தான்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் கூடத்துக்குப் போனாள்.

"புள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரட்டும். அதுவரைக்கும் எடுக்க வேணாம்."

"நேரமாகுதேம்மா" என்றார் பெரியப்பா.

"அவருக்கு இனிமே என்ன அவசரம்?"

ஆஸ்பத்திரியில் சுண்டுவின் மார்பில் ஒயர்களை ஒட்டி, அசையாமல் படுக்கச் சொன்னார்கள். கருவியிலிருந்து காகிதம் நகர்ந்து வந்தது. டாக்டர் அதைக் கையில் எடுப்பதற்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள். ஏறிய கோடு இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் இழுத்துக்கொண்டிருந்தது. காலையில் கைதட்டிய கைகளை மடியில் இறுகக் கோத்துக்கொண்டாள்.

"குடும்பத்துல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"இவங்கப்பா."

"எப்போ?"

"இன்னைக்குக் காலையில."

டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்தார். இதற்கு மருந்து இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டால் நன்றாக இருக்கலாம், ஆனால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார். அப்பாவை எடுக்கும்வரையாவது விடச் சொல்லிக் கெஞ்சியதில் முதல் மாத்திரையைக் கொடுத்து, துணைக்கு ஒரு நர்ஸையும் அனுப்பி, எடுத்து முடித்த கையோடு திரும்ப வரச் சொன்னார்.

காரில் சுண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். "காலையில நீங்கதானே அத்தை கூப்பிட்டீங்க? உங்களுக்குன்னு அப்பா தனியா ஒரு மணி வச்சிருந்தாரு. பக்கத்து ரூம்ல எனக்குக் கேட்டுச்சு. நான் அப்பவே முழிச்சுட்டுத்தான் இருந்தேன்."

அவள் சுண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முழித்திருந்தாள், அதனால் பிழைத்தாள். இல்லாவிட்டால் அதே மணியில் இவளும் போயிருப்பாள்.

"என்ன சொல்லக் கூப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்லடா" என்றாள். "சும்மாதான்."

அன்று பிற்பகல் அண்ணனை எடுத்தார்கள். பெரியப்பாவே வாசலில் நின்று, யாரும் குரலெடுத்து அழ வேண்டாம் என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அழுகையை அடக்கியதில் சிலருக்கு விக்கல் வந்தது.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரி அறைக்குள் வெயில் வந்துவிட்டது. சுண்டு ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலின் ஒரு பக்கம் அண்ணி, மறுபக்கம் அவள். நேற்றிலிருந்து இருவரும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் தட்டோடு உள்ளே வந்து, "பாப்பா..." என்று குரலை உயர்த்த வாயைத் திறந்தாள்.

அண்ணியும் அவளும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தினார்கள்.

"தானா எழுந்திருக்கட்டும்" என்று கிசுகிசுத்த அண்ணி, மாத்திரையை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். நர்ஸ் போன பிறகு அவள் எட்டித் திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கிவிட்டாள். வெயில் போர்வையின் மேல் மெதுவாக நகர்ந்து வந்தது. வியர்வையில் மாத்திரையின் மேற்பூச்சு கரைந்து அண்ணியின் உள்ளங்கையில் இளஞ்சிவப்பாகப் படிந்துகொண்டிருந்தது. இருவரும் அசையாமல் உட்கார்ந்து, சுண்டு கண் திறப்பதற்காகக் காத்திருந்தார்கள்.