இல்லாத பிரேக்

கண்ணாடிக் கடைக்காரருக்குக் கார்ப் பைத்தியம் என்று தெருவில் சொல்வார்கள். அது தப்பு. கண்ட காரையெல்லாம் பார்த்து வாய் பிளக்கிற ஆள் இல்லை அவர். கடை வாசலில் புத்தம் புதுக் கார் ஒன்று பளபளவென்று வந்து நின்றால்கூட, உள்ளே இருப்பவருக்கு மூக்குக்கண்ணாடி தேவைப்படுமா என்றுதான் பார்ப்பார். அவருடைய கிறுக்கெல்லாம் ஒரே வகைக் கார் மேல்தான். அவர் கல்லூரியில் படித்த காலத்தில் ரேலிப் பந்தயங்களில் ஓடிய, டர்போ வைத்த, பெட்டி போன்ற உடம்பும் புடைத்த சக்கர வளைவுகளும் கொண்ட கார்கள். அப்போது ஒரு நாள் மண்சாலை ஓரமாக நின்றிருந்தவரைத் தாண்டி அப்படி ஒன்று போனது. முதலில் விசில் சத்தம் வந்தது. பிறகு கார் வந்தது. அப்புறம் புழுதி வந்தது. புழுதி அடங்கி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, மனுஷர் மட்டும் இன்னும் அந்த ரோட்டோரத்திலேயே நிற்கிறார் என்று அவர் மனைவி சொல்வார்.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவரிடம் பழகியவர்கள் ஊரில் பாதிப் பேர் என்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான், வீட்டுக்காரருக்கும் சேர்த்து. பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையின் கீழும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் டீச்சர் அதை மிதித்து வண்டியை நிறுத்துவார். வருஷக்கணக்காக மிதித்து மிதித்து அந்தக் காலுக்கு வேறு வேலை தெரியாமல் போய்விட்டது. யார் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தாலும் வளைவு வந்தால் கால் தானாகத் தரையை அழுத்தும்.

"அங்க பிரேக் இல்ல டீச்சர்" என்பார் கடைக்காரர்.

"தெரியும். மனசு கேக்கல" என்பார் டீச்சர்.

கல்யாணமான நாளிலிருந்து இதே பேச்சு. இரண்டு பேருக்குமே அது சலிக்கவில்லை.

கார் கிடைத்த கதையைக் கேட்டால் கடைக்காரர் விடிய விடியச் சொல்வார், நாம் சுருக்கமாக முடித்துக்கொள்வோம். மூடிப்போன ஓர் அச்சகத்தின் கிடங்கில், காகிதக் கட்டுகளுக்கு அடியில் அது கிடந்தது. கண்ணாடி இல்லை, இருக்கை இல்லை, எஞ்சினுக்குள் எலிக்கூடு. ஆனால் டர்போ இருந்தது. கடைக்காரர் அதை வீட்டுக்கு இழுத்து வந்த அன்று டீச்சர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "குப்பை லாரிக்காரங்க வழி தெரியாம இங்க போட்டுட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மெக்கானிக் வருவான். இருவரும் தலையை எஞ்சினுக்குள் விட்டால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே எடுப்பார்கள். டர்போவுக்குள் உடைந்துபோயிருந்த, தேங்காய் மூடி அளவுகூட இல்லாத ஒரு சின்ன விசிறிக்காக இரண்டு வருஷம் காத்திருந்தார்கள். எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் அந்த விசிறி சுழலும், சுழன்று எஞ்சினுக்குள்ளேயே காற்றை அழுத்தித் திணிக்கும். டர்போ என்பது அவ்வளவுதான்.

முதல் முறை வண்டி ஓடிய அன்று டீச்சரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊருக்கு வெளியே கூட்டிப் போனார். மிதித்தார். வண்டி ஒன்றும் செய்யவில்லை. டீச்சர் ஏதோ கேலி செய்ய வாயைத் திறப்பதற்குள் விசில் எழுந்தது, முதுகு இருக்கையில் போய் ஒட்டிக்கொண்டது, ரோட்டோர மரமெல்லாம் பின்னால் ஓடியது. டீச்சரின் கால் தரையைத் துளைக்கும் அளவுக்கு அழுத்தியது.

"பார்த்தியா, மிதிச்சதும் வராது. கொஞ்சம் பொறுத்துத்தான் வரும். வந்தா மொத்தமா வரும்" என்றார் கடைக்காரர், முகமெல்லாம் பல்லாக.

"உங்க அம்மா மாதிரி" என்றார் டீச்சர்.

அன்றைக்கே காருக்கு மாமியார் என்று பேர் விழுந்துவிட்டது. மாமியாருக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. ஓடி வந்து நின்றதும் சாவியைத் திருப்பி அணைத்துவிடக் கூடாது. டர்போ தகதகவென்று கொதித்துக்கொண்டிருக்கும். எண்ணெய் ஓட்டம் நின்றால் இருக்கிற எண்ணெய் உள்ளேயே கருகிவிடும். அதனால் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து அது ஆறக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் கணவனும் மனைவியும் வீட்டுக்குள் பேச முடியாததையெல்லாம் பேசுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. பழைய ரேலிக் கார்களுக்கென்று ஒரு நாள். மலைப்பாதையை ஒரு காலைப்பொழுது மூடிவைத்து, ஒவ்வொரு காராக மேலே விடப்போகிறார்கள். காருக்கு இருவர். ஒருவர் ஓட்ட வேண்டும். மற்றவர் வளைவு வருமுன்பே அது எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை என்று தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும். கடைக்காரர் சின்னப் பிள்ளை போல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இத்தனை வருஷம் ரோட்டோரத்தில் நின்றாகிவிட்டது, இனி தான் போகும்போது வேறு யாராவது ரோட்டோரத்தில் நிற்கட்டும் என்றார். டீச்சர் வாசிக்க ஒப்புக்கொண்டார்.

பாதையைப் பார்த்துக் குறிப்பு எழுத இருவரும் சில நாள் மலைக்குப் போய் வந்தார்கள். மூன்றாம் முறை திரும்பி வந்து ஷெட்டுக்குள் வண்டியை நுழைத்தபோது இடது பக்கக் கண்ணாடி தூணில் பட்டுச் சடக்கென்று மடங்கியது.

"இந்த ஷெட்டை எவன் கட்டினான்? வாசலை ஒழுங்கா வைக்கத் தெரியல" என்றார் கடைக்காரர். போன வாரமும் அதே கண்ணாடி, அதே தூண், அதே திட்டு.

டீச்சர் மடங்கிய கண்ணாடியைப் பார்த்தார். வண்டி ஆறிக்கொண்டிருந்தது.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"இத்தனை வருஷமா நீங்க பிரேக்ல கால் வச்ச பிறகுதான் என் கால் தரைக்குப் போகும். இப்ப கொஞ்ச நாளா என் கால் முன்னாடி போகுது. அதுவும் இடது வளைவுல மட்டும்."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. "உனக்கு வயசாகுது, பயம் கூடிப்போச்சு."

"அப்படித்தான் நானும் நினைச்சேன். தூணுக்குமா வயசாகுது?"

கோபத்தில் அவர் டீச்சரைக் கடைக்கே கூட்டிப் போனார். பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி மேலிருந்து கீழ்வரை வாசித்தார். மற்றக் கண்ணை மூடியும் வாசித்தார். கடைசி வரியில் எறும்பு போல் இருக்கும் எழுத்துகளையும் விடவில்லை. "போதுமா?"

"அந்தப் பலகையை நீங்க தூக்கத்துலகூட வாசிப்பீங்க. உங்களுக்கு மனப்பாடம்" என்றார் டீச்சர். "நேரா பாருங்க. தலையைத் திருப்பக் கூடாது. என் கை தெரிஞ்சதும் சொல்லுங்க."

இது கடைக்காரருக்கும் தெரிந்த சோதனைதான். டீச்சர் புதிதாகச் சேர்கிற எல்லோருக்கும் முதல் நாள் செய்வதும் இதுதான். அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு வலது பக்கம் கையை மெதுவாக முன்னே கொண்டுவந்தார்.

"தெரியுது."

பிறகு இடது பக்கம். கடைக்காரர் பலகையையே பார்த்தபடி காத்திருந்தார். தெருவில் ஏதோ வண்டி போகும் சத்தம் கேட்டது. பொறுமை போய்விட்டது அவருக்கு.

"என்ன, ஆரம்பிக்கப் போறியா இல்லையா?"

 தலையைத் திருப்பினார். டீச்சரின் கை அவர் தோளுக்கும் முன்னால், விரல்கள் விரிந்தபடி இருந்தது. எவ்வளவு நேரமாக அங்கே இருந்ததோ. டீச்சரின் கண் கலங்கியிருந்தது.

ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாகிவிட்டது. நாற்பது வயது தாண்டிய யார் கடைக்கு வந்தாலும், "கண் அழுத்தம் ஒரு தடவை பார்த்துடுங்க. பக்கவாட்டுப் பார்வை போறது நமக்கே தெரியாது" என்று சொல்லி அனுப்பியவர் அவர்தான். தனக்கு மட்டும் பலகை போதும் என்று விட்டுவிட்டார். பலகை நேரே இருப்பதை மட்டும்தானே கேட்கும். கண் டாக்டர் அவருக்குப் பழக்கமானவர், சுற்றி வளைக்கவில்லை. அதே கண் அழுத்த நோய்தான், இடது கண்ணில் அதிகம், வலது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது. "போனது திரும்ப வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடாதீங்க. வண்டி ஓட்டறதை மட்டும் நிறுத்திடுங்க" என்றார்.

அதன் பிறகு கடைக்காரர் வீட்டில் பேசியது குறைந்துபோனது. ஷெட்டுக்குப் போய்க் காருக்குள் உட்கார்ந்திருப்பார். ஸ்டியரிங்கைத் துடைப்பார், துடைத்ததையே துடைப்பார். டீச்சர் கூப்பிடவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை.

மலைக்குப் போவதற்கு முந்தின நாள் மெக்கானிக் ஸ்டிக்கர்களோடு வந்தான். ரேலிக் கார் என்றால் கண்ணாடி ஓரத்தில் இருவர் பேரும் ரத்த வகையும் ஒட்டியிருக்க வேண்டும். ஓட்டுகிறவர் பேர் முதலில் வரும்.

"சார் பேருதானே மேல?" என்று கேட்டான். அவனுக்கு விஷயம் தெரியாது.

கடைக்காரர் டீச்சரைப் பார்த்தார். "ஒரே ஒரு தடவை" என்றார் தாழ்ந்த குரலில். "எதிர்ல வண்டி வராது. ரோட்டை மூடிடுறாங்க. அந்தப் பாதை எனக்கு மனப்பாடம்."

டீச்சர் கத்தவில்லை. "பலகையும் மனப்பாடம்தான்" என்றார்.

மெக்கானிக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.   இத்தனை வருஷம் காத்திருந்து, சோறு போட்ட பிறகு இலையை இழுத்துவிட்டது போல் இருந்தது கடைக்காரருக்கு. ஆனால் விரல் விரித்த அந்தக் கை அவர் கண் முன்னே நின்றது. பார்க்க வேண்டிய நேரத்தில் தெரியாத கை இப்போது தெரிந்தது.

"டீச்சர் பேரை மேல ஒட்டு" என்றார்.

"என்ன விளையாடறீங்களா? நான் வாழ்க்கைல நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினது இல்ல" என்றார் டீச்சர்.

"ஓட்டக் கத்துக்கொடுக்கறவ பேசற பேச்சா இது? நான் வாசிக்கறேன். நேரா இருக்கற எழுத்து எனக்கு நல்லாத்தான் தெரியுது."

மெக்கானிக் ஸ்டிக்கரைப் பிரித்தான். டீச்சரின் ரத்த வகையை மட்டும் ஒரு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டான்.

மறுநாள் காலை மலையடிவாரத்தில் அவர்கள் முறை வந்தது. டீச்சர் இருக்கையை முன்னே இழுத்து, கண்ணாடிகளைச் சரிபார்த்து, பெல்ட்டை இறுக்கி, பயிற்சிப் பள்ளிப் பாடத்தை ஒரு வரி விடாமல் செய்தார். கொடி அசைந்தது.

"நூறு மீட்டர், வலது நாலு" என்று வாசித்தார் கடைக்காரர். நான்கு என்றால் இளகிய வளைவு, ஒன்று என்றால் கொண்டை ஊசி.

டீச்சர் வளைவை முடித்துவிட்டு மிதித்தார். வண்டி ஊமையாக நின்றது போல் இருந்தது. "மாமியார் பேசமாட்டேங்கறாங்க."

"வேணும்கறப்ப கேட்டா வராது. வேணும்கறதுக்கு முன்னாடியே மிதி."

"அட, இதுதானா? இவங்ககூட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணவளுக்கு இதையா சொல்லித் தரணும்?" என்று சொல்லிக்கொண்டே, அடுத்த வளைவின் நடுவிலேயே டீச்சர் காலை அழுத்தினார். வளைவு முடியும் இடத்தில் விசில் எழுந்தது. நான்கு சக்கரமும் ரோட்டைப் பிடித்துக்கொண்டன. மலை கீழே இறங்குவது போல் கார் மேலே போனது.

"இடது மூணு, பாலம், ஐம்பது, இடது இரண்டு, போகப்போக இறுகும்" என்று கடைக்காரர் வாசித்தார். ஒவ்வொரு வளைவும் வருமுன்பே அவர் வாயில் வந்துவிட்டது. இடது பக்கம் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ஒரு திருப்பத்தில் புல்மேட்டில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் வாயைத் திறந்தபடி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் அவனைப் பார்த்துவிட்டார், அது வலது பக்கம்.  ஆனாலும் அடுத்த வரியை நேரத்துக்கு வாசித்துவிட்டார்.

உச்சியில் வண்டி நின்றது. டீச்சரின் பயிற்சிப் பள்ளிக் கை தானாகச் சாவிக்குப் போனது. பிறகு நினைவு வந்து விலகியது. எஞ்சின் மெதுவாக ஓட, இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் ஓட்டியிருந்தா இவ்வளவு நல்லா வந்திருக்காது" என்றார் கடைக்காரர். "ஆனா ஓட்டலையேன்னு வருத்தமா இருக்கு. ரெண்டும் உண்மை."

"ரெண்டும் இருக்கட்டும்" என்றார் டீச்சர். பிறகு குனிந்து பார்த்தார். கடைக்காரரின் வலது கால் விறைத்துப்போய், இன்னமும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"அங்க பிரேக் இல்லீங்க."

கடைக்காரரும் குனிந்து பார்த்தார்.

"தெரியும்" என்றார். "மனசு கேக்கல."

டீச்சர் எஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மாமியார் நன்றாக ஆறிவிட்டார் என்று தெரிந்த பிறகு சாவியைத் திருப்பினார்.