கிளாராவின் பெயர்நாள்

பெயர் என்னவென்று வீட்டுக்காரம்மா கேட்டதும் விஸ்மாவின் வாயில் கிளாரா என்று வந்து விழுந்தது. பொய் சொல்லிப் பழகாதவர்கள் பொய் சொன்னால் இப்படித்தான். ஊரில் எத்தனையோ பெயர் இருக்க, அறுபத்து மூன்று வருஷமாகத் தன் பெயருக்குப் பக்கத்திலேயே காலண்டரில் அச்சாகிற பெயரையா எடுத்து நீட்டுவது? அந்த நாட்டுக் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் சில பெயர்கள் அச்சாகும், அந்தப் பெயர்க்காரர்களுக்கு அன்று பெயர்நாள். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதித் தாளில் எந்த வருஷம் பார்த்தாலும் அந்த இரண்டும் சேர்ந்தேதான் இருக்கும். விஸ்மா, கிளாரா. நல்லவேளை, வீட்டுக்காரம்மா ஹெர்தா எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. "வாங்க கிளாரா, அந்த பஸ்ஸுல வந்தா இடுப்பு ஒடிஞ்சிருக்குமே" என்று பையை வாங்கிக்கொண்டு, தோட்டத்தின் பின்னால் இருந்த சின்ன மரவீட்டுக்குக் கூட்டிப்போனாள். அன்று தேதி ஒன்பது.

பிறந்தநாள் என்றால் ஆட்களைக் கூப்பிடலாம். பெயர்நாளுக்குக் கூப்பிடுகிற வழக்கமே கிடையாது. காலண்டரைப் பார்த்து யாருக்கு நம் ஞாபகம் வருகிறதோ அவர்கள் தாங்களாகவே பூவோடு வருவார்கள். நாம் கேக் செய்து, காபிக்குத் தண்ணீர் வைத்து, நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். விஸ்மாவும் போன வருஷம் ரீகாவில் தன் ஐந்தாம் மாடி வீட்டில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். குங்குமப்பூ போட்டு, திராட்சை போட்டு, பெரிய வளைய ரொட்டி சுட்டிருந்தாள். லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஏப்ரனைக் கழற்றினாள். சத்தம் நின்றதும் மறுபடி கட்டிக்கொண்டாள். சாயங்காலம் ஏழு மணிக்கு எதிர்வீட்டு ரஸ்மா மட்டும் வந்து இரண்டு துண்டு தின்றுவிட்டு, நல்லா வந்திருக்குடி என்று சொல்லிவிட்டுப் போனாள். மிச்சத்தை விஸ்மா நான்கு நாள் பாலில் தோய்த்துத் தின்று தீர்த்தாள்.

அவள் எதிர்பார்த்தது ஒரே ஒரு ஆளைத்தான். மகன் ராய்விஸ். மூன்று வருஷத்துக்கு முன் அவன் அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அத்தனை பேர் முன்னாலும் அவள்தான் வாயை விட்டாள். "வாசலப் பாத்துப் பாத்தே செத்தாருடா உங்கப்பா. அப்ப வராதவனுக்கு இப்ப என்ன சோறு?" அவன் கரண்டியை மெல்ல வைத்துவிட்டு எழுந்து போனான். அப்புறம் பெண்டாட்டி ஊரான வால்மியேராவுக்கே போய்ச் சேர்ந்தான். போன் நம்பரும் மாறிவிட்டது, புது நம்பரை அவன் தரவில்லை. தேடிக் கேட்டால் யாராவது தந்திருப்பார்கள். ஆனால் கேட்பதாவது. தாய் என்ன, வா வா என்று கெஞ்சிக்கொண்டு நிற்பாளா? வருகிறவன் தானாக வரட்டும். இந்த வீம்பை மூன்று வருஷம் கட்டிக்கொண்டு அழுதாள் விஸ்மா.

இந்த வருஷம்தான் அந்த யோசனை வந்தது. வீட்டிலேயே இல்லாவிட்டால்? ஆளில்லாத வீட்டுக்கு யாரும் வராததில் என்ன அவமானம்? யோசனை தோன்றிய அன்று அவளுக்குத் தன் மேலேயே ஒரு மெச்சுதல். கடலோரத்தில் பத்துப் பதினைந்து வீடு மட்டுமே உள்ள வைடேயில் ஒரு வாரத்துக்கு இடம் பிடித்தாள். அங்கேயும் யாராவது காலண்டரைப் பார்த்துவிட்டு, பாவம், தனியாக இருக்கிறாளே என்று பூ நீட்டிவிடக் கூடாதே என்றுதான் பெயரையும் மாற்றிச் சொன்னாள்.

கடல் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. கடல் என்று பெயரே தவிர, எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. நடந்து நடந்து திரும்பிப் பார்த்தால் கரையும் பைன் காடும் சின்னதாகிவிட்டிருந்தன, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு ஆள் இல்லை. முதல் நாள் அது சுகமாக இருந்தது. இரண்டாம் நாள் ஒரு குடும்பம் வந்து அப்பாவைக் கழுத்து வரை மணலில் புதைத்துவிட்டுச் சிரித்தது. அன்று முழுக்கத் தன் குரல் வெளியே வரவேயில்லை என்பது அவளுக்குச் சாயங்காலம்தான் உறைத்தது. இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அறையில் தனியாக, "நாளைக்கு மழை வரும்" என்று சொல்லிப் பார்த்தாள்.

மழை வரவில்லை, வெயில்தான் காய்ந்தது. கை எட்டிய இடமெல்லாம் களிம்பு பூசியிருந்தாள். முதுகின் நடுவில், இரண்டு கைக்கும் எட்டாத இடம் மட்டும் தீய்ந்து சிவந்துபோனது. பதினொன்றாம் தேதி கிணற்றடியில் அதைப் பார்த்த ஹெர்தா, "திரும்புங்க" என்று அதட்டி, ஒரு கிண்ணம் புளித்த பாலேட்டைக் கொண்டுவந்து பூச ஆரம்பித்தாள். குளிர்ந்த விரல்கள். யாராவது விஸ்மாவைத் தொட்டு எவ்வளவு காலமாயிற்று.

"பிள்ளைங்க இருக்கா?"

"ஒரு பையன்."

"வந்துக்கிட்டுப் போயிக்கிட்டு இருப்பானா?"

"வேலை அதிகம்" என்றாள் விஸ்மா. ஹெர்தா இன்னும் கொஞ்சம் ஏட்டை எடுத்துப் பூசினாள்.

மறுநாள் காலையிலேயே கடற்கரைக்குப் போய், நாள் முழுக்க அங்கேயே கிடந்துவிட்டு, நாலு மணிக்குப் பசி தாங்காமல் திரும்பினாள் விஸ்மா. தோட்டத்தில் ஆப்பிள் மரத்தடியில் வெள்ளைத் துணி விரித்த மேஜை. புகை போட்ட மீன், உருளைக்கிழங்கு, காபி, நடுவில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த அதே வளைய ரொட்டி. ஹெர்தாவும் அவள் புருஷன் ஏவால்ட்ஸும் எதிர்வீட்டுக் கிழச் சகோதரிகள் இருவரும் எழுந்து நின்றார்கள்.

"நீங்களா வாயத் திறப்பீங்கன்னு மூணு நாளா பாத்தேன்" என்றாள் ஹெர்தா, ஏழு டாலியாப் பூக்களை நீட்டியபடி. "கிளாரான்னு சொன்ன அன்னிக்கே காலண்டரைப் பாத்துட்டேன். வெளியூர் வந்தா பெயர்நாள் போயிடுமா?"

தப்பித்து வந்தவளுக்கு இது வேண்டும்தான். கிளாரா நல்லா இருக்கணும், கிளாரா நூறு வருஷம் இருக்கணும் என்று ஆளாளுக்கு வாழ்த்தினார்கள். வாழ்த்துகள் எல்லாம் அவளைத் தாண்டி யாரோ ஒருத்திக்குப் போய்க்கொண்டிருந்தன. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை வாயெடுத்தாள். இவ்வளவு ஆசையாகச் சுட்டுவைத்திருப்பவளிடம் என்னவென்று சொல்வது? தன் வீட்டு விசேஷத்தில் தானே அழையா விருந்தாளி மாதிரி, இடம் கொடுத்த பக்கம் உட்கார்ந்து சிரித்தாள். பெயர்நாள்காரரை நாற்காலியோடு மூன்று தடவை தூக்குவது வழக்கம், தூக்கியாக வேண்டும் என்றார் ஏவால்ட்ஸ். "கிளாராம்மா, என்ன இது, ஆள் இருக்கீங்களா, வெறும் நாற்காலியா?" என்று கேலி செய்துகொண்டே நாலு பேருமாகத் தூக்கினார்கள். மூன்றாம் தடவை அவள் மேலே இருக்கும்போது பையில் போன் அடித்தது, எடுத்தால் எதிர்வீட்டு ரஸ்மா.

ரஸ்மாவுக்குக் காது மந்தம். தனக்குக் கேட்காதது யாருக்கும் கேட்காது என்று நினைத்து, போனில் ஊரே கேட்கிற மாதிரிதான் பேசுவாள்.

"விஸ்மா, உன் பையன் வந்திருந்தான்டி."

நாற்காலி தரைக்கு வந்தது. விஸ்மாவா என்று தங்கைக் கிழவி மெல்லக் கேட்டாள்.

"எங்க?" என்றாள் விஸ்மா.

"எங்கயா? உன் வாசல்ல. கையில பூ. அரை மணி நேரமா மணி அடிச்சுக்கிட்டு நின்னான். நீ கடலுக்குப் போயிருக்கேன்னு நான்தான் சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

ரஸ்மா கொஞ்சம் தயங்கினாள். "நான் வருவேன்னு தெரிஞ்சுதான் கிளம்பிட்டாங்களான்னு கேட்டான். நான் என்னத்தச் சொல்ல? பூவ உன் கதவுக் கைப்பிடில செருகிட்டு இறங்கிட்டான்."

வைடேயில் சிக்னல் வந்து வந்து போகும். குரல் அறுந்தது. விஸ்மா சற்றும் யோசிக்காமல் நாற்காலி மேல் ஏறி நின்று போனை உயர்த்திப் பிடித்தாள். குரல் திரும்ப வந்தது. ஹெர்தா ஓடிவந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ரஸ்மா, ஜன்னலத் திற. கீழ தெரியறானா?"

"தெரியறான். கார் கதவத் திறக்கறான்."

"அவன வரச் சொல்லு."

"எங்க வர?"

"இங்க. வைடேக்கு. மூணு மணி நேரம்தான், வெளிச்சத்துலயே வந்துடலாம்."

"பெயர்நாளுக்குக் கூப்பிடறியாடி நீ?" அந்த நேரத்திலும் ரஸ்மாவுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஆமா, கூப்பிடறேன். அம்மா கூப்பிடறான்னு சொல்லு. அவன் வருவான்னு தெரியாமக் கிளம்பி வந்துட்டேன்னு சொல்லு. கத்திச் சொல்லு, ரஸ்மா."

ஜன்னல் கொக்கி விலகும் சத்தம் கேட்டது. பிறகு ரஸ்மாவின் குரல், போனை விட்டுத் தள்ளி, ஐந்து மாடிக்குக் கீழே போனது. ராய்விஸ், அம்மா கூப்பிடறாங்கடா, உன்ன வரச் சொல்றாங்க. முற்றத்தில் விளையாடிய குழந்தைகள் யாரோ அதைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். கார் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. என்ஜின் உறுமியது.

"கேட்டுதா அவனுக்கு?"

"தெரியலடி. கண்ணாடி ஏத்தியிருக்கு. கிளம்பிட்டான்."

"இன்னொரு தடவை கத்து."

ரஸ்மா கத்தினாள். விஸ்மாவும் கத்தினாள், போனுக்குள்ளும் தோட்டத்துக்கும் சேர்த்து, "வாடா ராய்விஸ், வந்துடுடா" என்று, குரல் உடைந்து, முன்பின் தெரியாத நாலு பேர் நடுவில். ஏவால்ட்ஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரஸ்மா, என்ன ஆச்சு?"

"வெளிவாசல்கிட்ட போயிட்டான். இரு, நிக்குது. பின்னால சிவப்பு பிரேக் விளக்கு எரியுது."

"இறங்கறானா?"

"எதுத்தாப்ல டிராம் வருது. அதுக்காக நிக்கறானா என்னன்னு தெரியல."

"பாத்துக்கிட்டே இரு" என்றாள் விஸ்மா. போனைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டாள். டிராம் மணியடித்துக்கொண்டு கடந்துபோகும் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"டிராம் போயிடுச்சு" என்றாள் ரஸ்மா. "விளக்கு இன்னும் எரியுதுடி."