இடப்பக்கத்து டயர்

பீன்யா தொழிற்பேட்டையில் கோவிந்தப்பாவின் வெல்டிங் ஷெட்டு வாசலில் கோணிப்பையை விரித்து மல்லாந்து படுத்து, படகு டிரெய்லருக்கு அடியில் தலையை நுழைத்திருந்தான் எத்திராஜ். இடப்பக்கத்து டயரின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் தடவினான். ரப்பர் வழித்தெடுத்ததுபோல் தேய்ந்து, உள்ளே இருந்த கம்பி விரலில் குத்தியது. அதே டயரின் வெளிவிளிம்பில் புது டயருக்கே உரிய ரப்பர் முடிகூட உதிரவில்லை. இதற்கு முன் மாட்டியிருந்த டயரும் இப்படியேதான் போயிற்று.

ஏரிகளில் ஆகாயத்தாமரை அள்ளும் கான்டிராக்ட் கம்பெனியின் படகு அது. அதை ஜீப்பில் கோத்து ஏரிக்கு ஏரி இழுத்துப் போவது எத்திராஜின் வேலை. சூப்பர்வைசர் முகேஷ் அவனைத் திட்டவில்லை. நீ வளைவில் வேகமாகத் திருப்புகிறாய், நடைபாதைக் கல்லில் ஏற்றுகிறாய், இன்னொரு டயர் இப்படிப் போனால் வேறு டிரைவரைத்தான் பார்க்க வேண்டும் என்று அமைதியாகச் சொன்னான். வேலை போய்விடுமே என்பதைவிட அந்தப் பேச்சுதான் எத்திராஜுக்கு உறுத்தலாக இருந்தது. சிவாஜிநகர் மார்க்கெட் நெரிசலில் லாரியை ரிவர்சில் எடுத்துப் பழகிய கை அவனுடையது. அவன் வண்டி எதிலாவது உரசியது என்று யாரும் சொன்னதில்லை. அதனால்தான் ஏரி வேலை முடிந்து திரும்பும் வழியில், முகேஷிடம் போனில் கேட்டுக்கொண்டு, வண்டியை இங்கே திருப்பினான். ஆகாயத்தாமரை அள்ளிவிட்டுப் படகிலேயே உட்கார்ந்து வந்த ஆட்களும் இறங்கி, எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

காற்றைப் பார்த்தான், சரியாக இருந்தது. காற்று குறைந்திருந்தால் இரண்டு விளிம்பும் அல்லவா தேய்ந்திருக்கும்? ஏரித் தண்ணீர் இறங்கி பேரிங் போயிருக்குமோ என்று ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினான். ஆட்டம் இல்லை. கோவிந்தப்பா ஒரு கயிற்றை எடுத்து, ஜீப்பில் கோக்கும் கொக்கியிலிருந்து இரண்டு சக்கரத்துக்கும் அளந்தார். அளவு ஒன்றாகவே இருந்தது. அச்சு ஒரு பக்கமாக நகரவில்லை. கடைசியில் ஜாக்கியை இறக்கிவிட்டு, நூலில் ஒரு நட்டைக் கட்டி டயருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். டயரின் மேற்பக்கம் நூலைவிட்டு உள்ளே சாய்ந்திருந்தது.

“நோடு, இத பாரு எத்திராஜ், அச்சு வளைஞ்சிருக்கு. பாரம் ஜாஸ்தி. இன்னாத்த ஏத்தறீங்க இதுல?”

எத்திராஜ் டீக்கடைப் பக்கம் திரும்பினான். பிறகு எல்லாரையும் கூப்பிட்டு, தினமும் வருகிற மாதிரியே படகில் ஏறி உட்காரச் சொன்னான். வலப்பக்கம் முழுக்க ஈர வலையும் கொக்கிக் கழிகளும் கிடந்தன. ஆகவே அத்தனை பேரும் இடப்பக்கத்துப் பலகையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். நூலுக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் போகும் இடைவெளி இருந்தது. இப்போது இரண்டு விரல் போயிற்று.

முன்பெல்லாம் ஆட்களை ஏற்றிப்போக ஒரு டெம்போ வந்துகொண்டிருந்தது. படகு எப்படியும் ஏரிக்குத்தானே போகிறது, அதிலேயே வரட்டும் என்று கம்பெனி அதை நிறுத்திவிட்டது. காரணத்தைச் சொன்னால் முகேஷ் முதலில் இவர்களைத்தான் இறக்கிவிடுவான். எத்திராஜ் நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, அச்சு பழசு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முணுமுணுத்தான்.

படகில் இருந்த தமயந்திக்கு அது கேட்டுவிட்டது. ஏரியில் இறங்குகிற ஆட்களுக்கு அவள்தான் மேஸ்திரி. ஆஸ்டின் டவுனில் எத்திராஜ் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள்.

“பழசுன்னு சொன்னா புதுசு போடுவாங்க. அதுவும் வளையும். அப்பவும் உன்னத்தான்ணா சொல்லுவாங்க.”

“உங்கள எறக்கி உட்ருவானே, தமயந்தி.”

“உடட்டும். நாங்க இன்னா மூட்டையா, படகுல அடுக்கினு போவ? நீ ஓட்டத் தெரியாதவன்னு பேரு வாங்காத. உள்ளதச் சொல்லு.”

மறுநாள் முகேஷ் ஷெட்டுக்கு வந்தான். எத்திராஜ் நூலைத் தொங்கவிட்டுக் காட்டி, இருந்ததை இருந்தபடி சொன்னான். முகேஷ் குனிந்து பார்த்துவிட்டு, தப்பு உன்னுடையது இல்லை என்று அவன் தோளில் தட்டினான். புது அச்சுக்கு அங்கேயே சம்மதம் சொன்னான்.

கோவிந்தப்பாவும் எத்திராஜும் பழைய அச்சைக் கழற்றிக் கனத்த அச்சைப் பொருத்தினார்கள். ஒவ்வொரு போல்ட்டையும் எத்திராஜ் தன் கையாலேயே முறுக்கினான். டயர் இரண்டும் மாற்றி, வாசலில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அதன்மேல் டிரெய்லரை உருட்டினார்கள். காய்ந்த சிமென்டுத் தரையில் இரண்டு ஈரத்தடம் விழுந்தது. உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒன்றுபோலப் பதிந்திருந்தன. வெயிலில் தடம் காய்ந்து மறையும்வரை எத்திராஜ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்தத் தெருவில் இவ்வளவு நேராக ஓடுகிற டிரெய்லர் வேறு இல்லை என்றார் கோவிந்தப்பா. எத்திராஜ் சிரித்தான்.

திங்கட்கிழமை காலை ஆஸ்டின் டவுன் பஸ் ஸ்டாப்பில் ஆட்கள், அச்சு மாற்றுவதற்காகப் படகிலிருந்து இறக்கிய கொக்கிக் கழிகளோடு காத்திருந்தார்கள். ஜீப்பின் முன்சீட்டிலிருந்து முகேஷ் எட்டிப் பார்த்து, இனிமேல் படகில் யாரும் ஏறக்கூடாது, எதையும் ஏற்றக்கூடாது, அச்சு தாங்காது, பெண்களுக்குப் பஸ் ஃப்ரீதானே, மற்றவர்கள் எப்படியாவது வந்துவிடுங்கள் என்றான். டெம்போவைப் பற்றி எத்திராஜ் கேட்டான். அது ஆபீசில் முடிவாக வேண்டிய விஷயம் என்றான் முகேஷ்.

தமயந்தி குனிந்து இடப்பக்கத்து டயரைப் பார்த்தாள். உள்விளிம்பைக் கையால் தடவி, நிமிர்ந்தாள்.

“நல்லா கீதுண்ணா. கௌம்பு.”

எத்திராஜ் வண்டியை எடுத்தான். பக்கக் கண்ணாடியில் இரண்டு சக்கரமும் துளி ஆட்டமில்லாமல் உருண்டு வந்தன. பின்னால், ஸ்டாப்பில் ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியிலிருந்து எட்டி, அவர்கள் கையில் இருந்த கொக்கிகளையும் சேற்று பூட்ஸுகளையும் பார்த்தார். யாரையும் ஏற்றாமல் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. தமயந்தி கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏரிப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். மற்றவர்களும் அவள் பின்னால் வரிசையாக நடந்தார்கள். அவர்களுக்கு முன்னால், கயிறு போட்டுக் கட்டிய வெறும் படகு குலுங்காமல் போய்க்கொண்டிருந்தது.