சிம் ஏற்காத போன்

வேல்முருகனின் போனில் பேச முடியாது. பேச்சைத் தவிர மற்ற எல்லாம் முடியும் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். மற்றதிலும் பாதி முடியாது என்பது சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவனுக்கு நாற்பத்தைந்து வயது. இருபது வருடமாகக் கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறான். சூரிய உதயம் பார்க்க வந்தவர்களை மேலே ஏற்றிப் போவான், பார்த்து முடித்ததும் கீழே கொண்டுவந்து விடுவான். மேகம் மூடிக்கொண்டு சூரியன் வராத நாளும் உண்டு. அன்றைக்கும் கீழே கொண்டுவந்து விட்டுத்தான் ஆகவேண்டும். மனைவி இந்து தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள். எஸ்டேட் லயத்தில் அவள் பேரில் கொடுத்த வீட்டில்தான் இருவரும் இருந்தார்கள். மகள் தாரணி தேனியில் நர்சிங் படித்தாள்.

அந்தப் போன் செங்கோட்டையன் கொடுத்தது. அவன் இந்துவின் சித்தி மகன். அமெரிக்காவிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பல் ஒன்றில் சமையல்காரன். அவன் கடலில் இருந்தபோது அவனுடைய அம்மாவைத் தேனி ஆஸ்பத்திரிக்குப் பதினொரு தடவை ஜீப்பில் கூட்டிப்போய் வந்தான் வேல்முருகன். வாடகை வாங்கவில்லை. பொங்கலுக்கு வந்த செங்கோட்டையன், ஏதோ துறைமுகத்தில் கைமாற்றி வாங்கிய அந்தப் போனை அவன் கையில் வைத்தான். "பழசுதான் மச்சான். ஆனா நல்ல போனு" என்றான். நான்காம் நாள் கப்பலுக்குப் போய்விட்டான்.

ஐந்தாம் நாள் வேல்முருகன் சிம்மைப் போட்டான். இந்த சிம் ஏற்கப்படாது என்று திரையில் ஆங்கிலத்தில் வந்தது. துடைத்துப் போட்டான். அப்போதும் ஏற்கவில்லை. இந்துவின் சிம்மையும் பக்கத்து வீட்டுக் குருவம்மாளின் சிம்மையும் வாங்கிப் போட்டுப் பார்த்தான். மூன்றுக்கும் அதே பதில்தான்.

போடிமெட்டு வழியாகப் போடிக்கு இறங்கி, பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் செல்போன் கடையில் காட்டினான். கடைக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இது அமெரிக்காவுல ஒரு கம்பெனிக்குத் தாலி கட்டுன போனு. வேற சிம்ம ஏறெடுத்தும் பாக்காது."

"தாலிய அறுக்க முடியாதா?"

"அந்தக் கம்பெனிதான் அறுக்கணும். மொத மொத வாங்குன ஆளு ரெண்டு வருசத்துக்கு எழுதிக் குடுத்திருப்பான். வர்ற மார்கழில முடியும்போல. அதுவரைக்கும் பாட்டுக் கேளுங்க."

பாட்டும் லேசில் வரவில்லை. அந்தப் போன், தான் இன்னும் அமெரிக்காவில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தது. பணம் வாங்கும் ஆப்பைத் தேடினால், உங்கள் நாட்டில் இது இல்லை என்றது. பேங்க் ஆப்பும் இல்லை, கேரளத்து பஸ் நேரம் சொல்லும் ஆப்பும் இல்லை. நாட்டை மாற்றப் போனால் அமெரிக்காவில் ஒரு விலாசம் கேட்டது. வாட்ஸ்அப் மட்டும் வந்தது. தன் பழைய பட்டன் போனுக்கு வந்த எண்ணைப் பார்த்துத் தட்டி அதை உள்ளே விட்டான்.

"பேச முடியாத போனு எதுக்குய்யா உனக்கு?" என்று ஸ்டாண்டில் ஆறுச்சாமி கேட்டான். அவனும் ஜீப் டிரைவர்தான்.

"பேசுறதுக்கு இது இருக்குல்ல" என்று சட்டைப்பையிலிருந்த பட்டன் போனைத் தட்டிக் காட்டினான் வேல்முருகன்.

நல்ல போனை அவன் சட்டைப்பையில் வைப்பதில்லை. மகள் சின்னப் பிள்ளையில் போட்ட கம்பளிச் சாக்ஸ் ஒன்றுக்குள் போட்டு, ஜீப்பின் டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்திருந்தான். காலையில் முதலில் அதைத் துடைப்பான், அப்புறம்தான் முன்கண்ணாடி. அதன் கேமராவில் ஆனையிறங்கல் அணையின் அக்கரையில் நிற்கும் யானைக்குட்டியின் காதுக் கிழிசல் தெரிந்தது. பள்ளத்தில் கிடக்கும் மேகத்தைப் படம் எடுத்தால், மற்றவர்கள் போனில் வெள்ளைத் துணி காயப்போட்டது போல இருக்கும். இதில் மேகமாகவே இருந்தது. இருபது வருடம் தினமும் பார்த்த இடத்தை வேல்முருகன் அந்தப் போனில்தான் நின்று பார்த்தான். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆறுச்சாமி என்ன சொல்லுவான் என்று தெரியும்.

நெட் வேண்டுமென்றால் இந்துவின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் எடுக்கவேண்டும். அவளுடையது விலை குறைந்த போன். ஹாட்ஸ்பாட் முப்பது அடிக்கு எட்டும். கல்சுவர் குறுக்கே வந்தால் பதினைந்து. அதனால் கல்யாணமான நாளிலிருந்து இரவு எட்டு மணி வரை ஸ்டாண்டில் சீட்டு விளையாடிய வேல்முருகன், சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வர ஆரம்பித்தான். இந்து முதல் வாரம் அவனுக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டாம் வாரம் யாருடனாவது சண்டையா என்று கேட்டாள். மூன்றாம் வாரம் காரணம் தெரிந்தது. அவள் அடுப்படிக்குப் போனால் அவனும் அடுப்படிக்கு வந்தான். துணி எடுக்கக் கொடிப்பக்கம் போனால் அங்கேயும் வந்தான்.

"என்னங்க, நான் குளிக்கப் போறேன்" என்றாள் ஒருநாள்.

"போனை வெளிய வச்சுட்டுப் போ" என்றான்.

ஆனி மாத மழையில் பிரச்சினை முற்றியது. ஒரு நாளைக்கு அவளுக்கு ஒன்றரை ஜிபி. அதில் அவள் இரவு சீரியல் பார்ப்பாள். அன்று வேல்முருகன் நூற்றிப் பத்துப் படங்களை மகளுக்கு அனுப்பிவிட்டான். சீரியல் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தது. இந்து போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். மறுநாள் சாயங்காலம் ஹாட்ஸ்பாட் ஏறவில்லை.

"பாஸ்வேர்டு மாத்திட்டியா?"

"ஆமா."

"என்ன வச்சிருக்க?"

"எம் போனு, எம் பாஸ்வேர்டு. கட்டி இருபத்தோரு வருசமாச்சுல்ல, நீங்களே கண்டுபிடிங்க."

வேல்முருகன் கல்யாணத் தேதியைப் போட்டான். ஏறவில்லை. டிரங்குப் பெட்டியில் பத்திரிகையைத் தேடி எடுத்துப் பார்த்தால், அவன் போட்டது அதற்கு முந்தின வருடம். சரியானதைப் போட்டான். அதுவும் ஏறவில்லை. மகளின் பிறந்தநாளைப் போட்டான். இந்துவின் பிறந்தநாள் தெரியாததால் அவளுடைய ஆதார் கார்டைப் பார்த்துப் போட்டான். கடைசியாகத் தன் பெயரைப் போட்டான். எழுத்து தப்பியிருக்கலாம் என்று இன்னொரு தடவையும் போட்டான்.

மறுநாள் ஸ்டாண்டில் ஆறுச்சாமியிடம், "உம் பொண்டாட்டிக்கு ரொம்பப் புடிச்சது என்னப்பா?" என்று கேட்டான்.

ஆறுச்சாமி வெகுநேரம் யோசித்தான். "தூக்கம்" என்றான்.

அதில் உபயோகம் இல்லை. நான்காம் நாள் பட்டன் போனில் மாமியாருக்கு அடித்தான். சின்னத்தாய் பூப்பாறையில் மகன் வீட்டில் இருந்தாள்.

"அத்தை, இந்துக்குச் சின்ன வயசுல என்ன புடிக்கும்?"

"ஏன் மாப்ள, அவளுக்கு என்னாச்சு?" என்று சின்னத்தாய் பதறினாள்.

"ஒண்ணும் ஆகல. சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குற ஆளா நீங்க? உண்மையச் சொல்லுங்க, நல்லா இருக்காளா?"

நன்றாக இருக்கிறாள் என்று மூன்று முறை சொன்ன பிறகு சின்னத்தாய் சொன்னாள். "ஓட்டம்னா அவளுக்கு உசுரு மாப்ள. ஒம்பதாப்பு படிக்கையில தேவிகுளம் உபஜில்லால இருநூறு மீட்டர்ல பஸ்ட்டு வந்தா. தொடுபுழைல ஜில்லாப் போட்டிக்குக் கூப்பிட்டாக. போகல. உங்கள்ட்ட சொன்னதில்லையா?"

சொன்னதில்லை. வேல்முருகன் ஊர்ப் பெயரையும் இருநூறையும் சேர்த்து நான்கு விதமாகப் போட்டுப் பார்த்தான். எதுவும் ஏறவில்லை. ஆனால் மனசு பாஸ்வேர்டை விட்டுத் தொடுபுழையில் நின்றுவிட்டது. சாயங்காலம் இந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்தான்.

"தொடுபுழைக்கு ஏன் போகல?"

கத்தி நின்றது. "யாரு சொன்னா?"

"அத்தை."

இந்து இன்னும் இரண்டு பீன்ஸை நறுக்கினாள். "கூட வர ஆளில்ல. அப்பாவுக்கு லீவு குடுக்கல, அம்மாவுக்குக் கைப்புள்ள. டீச்சர் வரேன்னாக, அவுகளுக்கும் மேலுக்கு முடியாமப் போச்சு. காலைல யூனிபார்ம் எல்லாம் போட்டு, தலைசீவி உக்காந்திருந்தேன். அப்புறம் மாத்திட்டு வெறகுக்குப் போயிட்டேன்."

"நான் அப்ப ஜீப்புல கிளீனரு. சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"அப்ப உங்கள யாருன்னே எனக்குத் தெரியாது."

"அதுவும் சரிதான்."

இந்து நறுக்கிய பீன்ஸைச் சட்டியில் தள்ளினாள். "பாஸ்வேர்டு கேக்கலையா?" என்றாள்.

"கேக்கத்தான் வந்தேன்."

"ஒண்ணுல இருந்து எட்டு."

"என்னது?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு… எட்டு வரைக்கும். தாரணிதான் போன்ல சொல்லச் சொல்ல நான் வச்சேன். அதுல போயி எதைக் கண்டீங்க, அம்மாவுக்கெல்லாம் அடிச்சுக்கிட்டு."

ஆவணி மாதம், குடும்பஸ்ரீ மகளிர் குழு நடத்தும் ஓணப் போட்டிக்குக் குருவம்மாள் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு நூறு மீட்டர் ஓட்டம் என்று ஒன்று இருந்தது. வேல்முருகன், இந்துவைக் கேட்காமல் அவள் பெயரைக் கொடுத்துவிட்டான். தெரிந்ததும் இந்து இரண்டு நாள் அவனிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவள் பங்களா ரோட்டில் ஓடிக்கொண்டிருந்ததை, மேலேயிருந்து ஜீப்பில் இறங்கி வந்தவன் பார்த்தான். பார்க்காதது போல ஓட்டிப் போனான். பின்னால் இருந்த பெங்களூர்க்காரர்கள், இங்கே யானை விரட்டுமா என்று கேட்டார்கள்.

போட்டியன்று ஸ்கூல் கிரவுண்டில் ஏழு பேர் நின்றார்கள். வேல்முருகன் சாக்ஸிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கோட்டின் கடைசியில் குத்தவைத்தான். விசில் ஊதியதும் இரண்டு பேர் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டார்கள். ஒருத்திக்குச் செருப்பு போனது. இந்து சுடிதாரில், வெறுங்காலோடு, யாரையும் பார்க்காமல் ஓடினாள். முதலில் வந்தாள். வந்த பிறகும் நிற்கவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டி, ரேஷன் கடை வரைக்கும் ஓடி, அங்கே திண்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். பரிசு வாங்கக் குருவம்மாள் போய்க் கூட்டிவர வேண்டியிருந்தது. பரிசு ஒரு ஹாட் பாக்ஸ்.

வேல்முருகன் அவசரத்தில் எங்கேயோ அழுத்திவிட்டான் போலிருக்கிறது. பத்தொன்பது விநாடி ஓட்டம், போனில் மெதுவாக, இரண்டரை நிமிடத்துக்கு வந்திருந்தது. வீட்டில் போட்டுப் பார்த்தார்கள். இந்துவின் இரண்டு பாதங்களும் தரையை விட்டு எழும்பி, ஒன்றும் தொடாமல், வெகுநேரம் இருந்தன. பின்னல் மேலே போய் நின்று, மெல்லக் கீழே வந்தது. அவள் முகத்தில் கோபம் போல ஒன்று இருந்தது. கோபம் இல்லை.

"இது நானா?" என்றாள்.

"பின்ன?"

"திருப்பிப் போடுங்க."

ஆறு தடவை போட்டான். அவளுடைய போனுக்கு அனுப்பப் பார்த்தால், அதில் இடமில்லை என்றது. அதனால் மறுநாள் சாயங்காலம் அவளே கேட்டு வாங்கிப் பார்த்தாள். அதற்கு மறுநாள் கேட்காமல் எடுத்துக்கொண்டாள். ஓணம் முடிந்து ஒரு மாதத்துக்குள் அந்தப் போன் கொழுந்துக்கூடையில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில், தேயிலைக் காட்டுக்குப் போய்வர ஆரம்பித்தது. இந்து செடிகளுக்கு நடுவில் இருக்கும் சிலந்தி வலை, சக வேலைக்காரிகளின் கைகள், தூங்கும் சூப்பர்வைசர் எல்லாவற்றையும் மெதுவாக ஓடும் படமாக எடுத்தாள். சூப்பர்வைசர் தூங்கும் படத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அதைத்தான் லயத்தில் எல்லோரும் விரும்பிப் பார்த்தார்கள்.

கொழுக்குமலையில் மேகம் நன்றாக அமைந்த காலைகளில் மட்டும் வேல்முருகனின் கை தன்னால் டாஷ்போர்டுப் பெட்டிக்குப் போனது.

மார்கழியில், போன் விடுவிக்கப்பட்டதாக ஒரு செய்தி வந்தது. லீவுக்கு வந்திருந்த தாரணி படித்துச் சொன்னாள். இனி எந்த சிம்மும் போடலாம். வேல்முருகன் பட்டன் போனிலிருந்து சிம்மைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான். இந்துவும் தன் போனிலிருந்து கழற்றி வைத்திருந்தாள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள்.

"உங்களுக்கு கெஸ்ட்டு பணம் போடுறதுக்கு ஆப்பு வேணும்ல?" என்றாள் இந்து. "இதுல அது வராது. என் போன்ல வரும்."

அது நியாயமாக இருந்தது. அவன் நினைத்ததைவிட நியாயமாக இருந்தது. தன் சிம்மை அவளுடைய பழைய போனில் போட்டான். அதில் நிறைந்து கிடந்த சீரியல் துண்டுகளை அவளிடம் கேட்டுக் கேட்டு அழித்து, பணம் வாங்கும் ஆப்பை ஏற்றினான். அவள் நல்ல போனில் தன் சிம்மைப் போட்டாள். ஏற்றது. கோடுகள் நான்கும் வந்தன.

முதல் போனை அவள் பூப்பாறைக்குப் போட்டாள்.

"அம்மா, நாந்தான். ஆமா, அந்தப் போன்லதான் பேசுறேன். நல்லாக் கேக்குது. அவுகளா? அவுக என் பழைய போன வச்சுக்கிட்டு ரோட்டு வளைவுல நிக்கிறாக. அவுக சிம்முக்கு வீட்டுக்குள்ள டவர் கெடைக்கலையாம்."